கப்பல் அண்ணாச்சி பதில்கள்: சத்தமில்லாத தீவு

போன இதழில் மாசிக் கருவாடு பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, 'மலிகு தீவில் தின்றதுதான் மாசி' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் பாஸ்போர்ட் கேள்விகளையும் பழனி ரோப்கார் கேள்வியையும் ஓரமாக வைத்துவிட்டு, மலிகு பற்றி மட்டும்.

அண்ணாச்சி, நானும் என் வீட்டுக்காரரும் 30 வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் சத்தத்திலேயே காலத்தை ஓட்டிவிட்டோம். மகள் கல்யாணமும் முடிந்தது. கூட்டமில்லாத, சத்தமில்லாத, ஊர்சனம் தங்கள் பழைய பழக்கவழக்கத்தோடு இருக்கிற ஒரு தீவுக்கு ஒரே ஒருதரம் போய்வர ஆசை. மாலத்தீவு போங்கள், பாலி போங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். நீங்கள் எங்கே போகச் சொல்வீர்கள்?
— வாசகி, திருப்பூர்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 26 வருடம் கப்பல் எஞ்சின் ரூமில் கிடந்தவன் நான். லீவில் வீட்டுக்கு வந்தால் முதல் பத்து நாள் கட்டில் அதிர்கிற மாதிரியே இருக்கும். மெஷின் நின்ற பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் சொல்கிற மாலத்தீவு நல்ல இடம்தான். ஆனால் அங்கே விடுதித் தீவு வேறு, ஊர்த் தீவு வேறு. விளம்பரத்தில் வருகிற தீவில் ஊரே கிடையாது. விடுதியும் அதன் வேலைக்காரர்களும் மட்டும். நீங்கள் கேட்பது ஊர். அதனால் அதற்குக் கொஞ்சம் வடக்கே, நம் நாட்டுக்குள்ளேயே இருக்கிற மலிகுக்குப் போங்கள். வரைபடத்தில் மினிக்காய் என்று போட்டிருக்கும். லட்சத்தீவுகளில் ஆகத் தெற்கே, மற்ற தீவுகளோடு ஒட்டாமல், ஒன்பது டிகிரி கால்வாய் என்கிற பெரிய கடற்பரப்பைத் தாண்டித் தனியாகக் கிடக்கும். கொச்சியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். மற்ற லட்சத்தீவுக்காரர்கள் மலையாளத்தின் ஒரு வழக்கைப் பேசுகிறார்கள். மலிகுக்காரர்கள் பேசுவது மஹல். மாலத்தீவில் திவேஹி என்கிறார்களே, அதே மொழிதான். வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அந்த எழுத்தில் முதல் ஒன்பதும் அரபு எண்களிலிருந்து வந்தவை. கணக்குப் புத்தகத்தை எழுத்தாக்கிய மாதிரி என்று நான் சொன்னபோது என் செரங்கு கோபித்துக்கொண்டார்.

செரங்கு யார் என்று சொல்லவில்லையே. கப்பல் டெக்கில் வேலை பார்ப்பவர்களுக்கு மேஸ்திரி. மலிகு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்குப் போகிறவர்கள். செரங்கு, சுக்கான் பிடிக்கிற சுக்காணி, சமைக்கிற பண்டாரி என்று நான் ஏறிய கப்பல்களில் பாதியில் ஒரு மலிகுக்காரராவது இருந்திருப்பார். இந்தச் செரங்கும் நானும் ஒரே கப்பலில் மூன்று தடவை சேர்ந்திருக்கிறோம். 1994 ஜனவரியில் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. 'என் வீட்டுக்கு வா, எஞ்சின் இல்லாத இடத்தில் நாலு நாள் தூங்கு' என்றார். அவரே அனுமதிக்கு எழுதி வாங்கினார்.

இறங்கும்போதே பாடம் ஆரம்பித்துவிட்டது. கப்பல் வெளிக்கடலில் நின்றது. பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்கள். கீழே படகு ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி ஏறி இறங்குகிறது. அது மேலே வருகிற அந்த நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். கடலில் 16 வருடம் கிடந்த நான் யோசித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், நம்மூர்ப் பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறுவது போல் என்னைத் தாண்டிப் போய்ப் படகில் உட்கார்ந்தாள்.

ஊர் ஒரு பிறைச் சந்திர வடிவம். நீளம் பத்து கிலோமீட்டர் வரும். அகலத்தை நடந்து கடக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. மேற்கே காயல், பச்சைக் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். கிழக்கே பாறைமேல் கடல் வந்து மோதிக்கொண்டே இருக்கும். நடுவில் தென்னை, வெள்ளை மணல் சந்துகள், அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு சந்தும் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. செரங்கு வீட்டு முன்கூடத்தில் ஊஞ்சல் கட்டில். அதில்தான் எனக்குப் படுக்கை.

முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தீவில் நாய் கிடையாது; குரைப்பு இல்லை. லாரி இல்லை. தென்னை ஓலை காற்றில் அடிப்பது மழை பெய்வது போலவே கேட்டது. இரண்டு தடவை எழுந்துபோய் வாசலில் கையை நீட்டிப் பார்த்தேன். அப்புறம் நடுநிசியில், தூரத்தில், சன்னமாக ஒரு டீசல் எஞ்சின். தீவுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர். சிலிண்டர் எண்ணிக்கையை யூகித்துக்கொண்டே தூங்கிப்போனேன். ஆகவே தங்கச்சி, சத்தமே இல்லாத தீவு என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகக் கேட்கிற தீவு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. சந்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் பெண்கள், கிழவர்கள், பள்ளிப் பிள்ளைகள். நடுவயது ஆண்கள் எங்கே என்று கேட்டேன். செரங்கு விரலை மடக்கிச் சொன்னார்: அந்த வீட்டுக்காரர் சிங்கப்பூர்ப் பக்கம், இந்த வீட்டுக்காரர் சூயஸ் தாண்டியிருப்பார், எதிர்வீட்டுப் பையன் முதல் கப்பல், எங்கே என்று கடிதம் வந்தால்தான் தெரியும். மிச்சம் பேர் விடியுமுன் சூரை மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். நமக்கு அமைதியாகத் தெரிகிற அந்த ஊரில் பாதி அமைதி, வீட்டில் ஆள் இல்லாத அமைதி. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். என் சம்சாரம் அதை எனக்கு எழுதியதில்லை.

இந்தியக் குடிமகன் இந்தியாவுக்குள் போவதற்கு எதற்கு அனுமதிச் சீட்டு? இது என்ன நியாயம்?
— வாசகர், கோவில்பட்டி

கோபம் புரிகிறது தம்பி. 1967-இல் போட்ட விதி. தீவுக்காரர் அல்லாத யாரும், நீங்களானாலும் நானானாலும், அனுமதி இல்லாமல் லட்சத்தீவில் இறங்க முடியாது. அங்கே இருப்பவர்கள் அநேகமாக அனைவரும் பட்டியல் பழங்குடியினர்.

நியாயமா என்று கேட்டீர்கள். மலிகுவின் பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்குள். 2011 கணக்கெடுப்பில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். குடிக்கிற தண்ணீர், பவளமணலுக்கு அடியில் உப்புத்தண்ணீர்மேல் மிதக்கிற மெல்லிய மழைநீர்ப் படலம். அதை அதிகமாக இறைத்தால் கிணறு உவர்த்துப்போகும். கோவில்பட்டியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றிருப்பீர்கள் அல்லவா? அந்த வரிசையில் வெளியூர்க்காரர் நாலாயிரம் பேர் வந்து நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு இந்த விதி சரியாகவே படுகிறது.

வழி இரண்டு. ஒன்று, அரசுச் சுற்றுலாத் திட்டத்தில் பதிவு செய்தால் அனுமதி அதோடு சேர்ந்து வரும். இல்லையேல் தீவுக்காரர் ஒருவர் உங்களுக்காகப் பொறுப்பேற்க வேண்டும். உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து உங்கள்மேல் வழக்கு இல்லை என்ற சான்றும் வேண்டும். விவரங்கள் அவ்வப்போது மாறுகின்றன. கொச்சியில் வில்லிங்டன் தீவில் லட்சத்தீவு நிர்வாகத்தின் அலுவலகம் இருக்கிறது. அங்கேயோ அவர்களுடைய இணையதளத்திலோ கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். என் பேச்சை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

உங்களுக்கு ஓர் ஆறுதல்: 1956 நவம்பர் 1 வரை மலிகு நம்முடைய சென்னை மாநிலத்தில்தான், மலபார் மாவட்டத்தின் கீழ் இருந்தது. நம் தாத்தாக்கள் போயிருக்கலாம். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எந்த மாதம் போகலாம்? கப்பலில் வாந்தி வருமா? விமானம் இல்லையா?
— வாசகர், ஈரோடு

அக்டோபர் முதல் மே முதல் வாரம் வரை. மழைக்காலத்தில் கடல் உங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிடும். விமானம் அகத்தி தீவுக்குத்தான் போகிறது. மலிகுவில் விமானத்தளம் இல்லை. கப்பல்தான் வழி. நேரே போனால் ஒரு ராத்திரியும் மறுநாளில் கொஞ்சமும். மற்ற தீவுகளைத் தொட்டுக்கொண்டு போனால் கூடுதலாகும்.

வாந்தி வரும் என்று பயந்தாலே வந்துவிடும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள், ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இட்லி இரண்டு, காய்ந்த ரொட்டி, உப்பில் ஊறிய எலுமிச்சங்காய் ஒரு துண்டு. செல்போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

கொச்சியிலிருந்து ஐந்து நாள் கப்பல் சுற்றுலா ஒன்று உண்டு. கவரத்தி, கல்பேனி, மலிகு மூன்றையும் காட்டுவார்கள். பகலில் இறக்கி, சாயங்காலம் ஏற்றி, ராத்திரி கப்பலிலேயே படுக்கை. சில வருடங்களுக்கு முன் என் சம்சாரத்தோடு அதில் போனேன். அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு, கல்யாண வீட்டில் பந்திக்கு மட்டும் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. காலும் மனசும் இடம் கொடுத்தால் தீவில் தங்குகிற திட்டத்தைக் கேளுங்கள். திருப்பூர்த் தங்கச்சிக்கும் இதேதான் சொல்வேன்.

மலிகு பெண்கள் ஆளும் தீவாமே? மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறாராமே?
— வாசகர், வேலூர்

மார்க்கோ போலோ ஆண்கள் தீவு, பெண்கள் தீவு என்று இரண்டு தீவுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் பெண்கள் தீவு மலிகுதான் என்று பின்னால் வந்த சிலர் சொன்னார்கள். அவர் தீவுகளைச் சொல்வது ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரைக்குத் தெற்கே, அரபிக்கடலின் மறுகோடியில். கணக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

நிஜமாக உள்ளது வேறு. சொத்து தாய்வழியாக இறங்குகிறது. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறார். காயல்பட்டினத்து வாசகர்கள் 'இதில் என்ன அதிசயம், எங்கள் வீட்டிலும் அப்படித்தானே' என்பார்கள். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்கும்போது வீடு யார் பெயரில், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று யோசித்தால் எந்தக் கடற்கரை ஊருக்கும் இந்த முடிவுதான் தோன்றும்.

தீவில் பத்துப் பதினோரு ஊர்கள். ஊரை 'அவஹ்' என்பார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஆண்கள் கூடுவதற்கு ஒரு வீடு, பெண்கள் கூடுவதற்குத் தனியாக ஒரு வீடு. ஆண்களுக்குத் தலைவர் 'பொடுகாகா'. பெண்களுக்குத் தலைமை 'பொடுதாத்தா'. நான் போன மறுநாள் செரங்கு சொன்னார்: 'பொடுதாத்தா உன்னைப் பார்க்க வருகிறார், சட்டையைப் போடு.' ஊர்ப் பெரியவர், எண்பது வயது இருக்கும், தாடி வைத்திருப்பார் என்று நான் எழுந்து நின்றேன். வந்தது ஐம்பது வயது அம்மாள். நீண்ட அங்கி, தலையில் துணி, கையில் ஒரு பாத்திரம். நான் அவருக்குப் பின்னால் தாத்தாவைத் தேடுகிறேன்! மஹலில் 'தாத்தா' என்றால் அக்கா. பொடு என்றால் பெரிய. பெரியக்கா. பிறகு கொழும்பில் இதைச் சொன்னபோது அங்கே இருந்த முஸ்லிம் நண்பர், 'நாங்களும் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம், நீர்தான் தப்பாகக் கூப்பிடுகிறீர்' என்றார்.

அந்தப் பெரியக்கா என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. சாப்பிட்டாயா? எத்தனை நாள் இருப்பாய்? இரண்டாவதுக்கு நான் சொன்ன பதிலை மனசில் எண்ணிப் பார்த்துக்கொண்டார். ஊரில் விருந்து, சந்து கூட்டுவது, யார் வீட்டில் என்ன வேலைக்கு யார் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். ஆள்வது என்றால் இதைத்தான் ஆள்வது என்று சொல்ல வேண்டும்.

யூடியூப் சேனல் நடத்துகிறேன். மலிகுவின் பழங்குடிப் பண்பாட்டை, நடனத்தை எல்லாம் வீடியோ எடுக்கலாமா? ட்ரோன் பறக்க விடலாமா?
— வாசகர், சென்னை

நடனத்தை எடுக்கலாம், ஆடுபவர்கள் சம்மதித்தால். லாவா நடனம் ஆண்கள் ஆடுவது. பளீர் நிறத்தில் உடுத்தி, கையில் மேளத்தோடு. பெண்கள் உலோகக் குடத்தைத் தட்டிக்கொண்டு பாடி ஆடும் பண்டியா என்று ஒன்று உண்டு. சுற்றுலாக் கப்பல் வரும்போது ஆடிக்காட்டுவார்கள். அது காட்சிக்கு. ஊர் தனக்காக ஆடுகிற நாள் வேறு; அன்றைக்குக் கேமராவைப் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள்.

பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வீட்டு முற்றத்துக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ட்ரோன், நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. மேலே பறந்தால் கீழே பெண்கள் குளிக்கிற மறைப்பும் தெரியும் என்பதை யோசித்தீர்களா? அரைக்கால் சட்டையோடு ஊருக்குள் நடக்க வேண்டாம். அது ஊர், பீச் அல்ல.

உங்களுக்கு ஒரு நல்ல காட்சி சொல்கிறேன்: ஜஹாதோனி. ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு பந்தயப் படகு. பாம்பு மாதிரி நீளம், பலகை முழுக்க வண்ண வேலை. தோனி என்றதும் காது நிமிர்ந்ததா? நம் தோணிதான். எங்கள் தூத்துக்குடித் தோணி காய்கறியும் கல்லும் சுமந்து மாலத்தீவு போகிற உழைப்பாளி. இது உழைக்காமல் கூரைக்கடியில் அலங்காரத்தோடு படுத்திருக்கிற மாப்பிள்ளை. விழா நாளில் இறக்குவார்கள். நான் போன சமயத்தில் விழா இல்லை. ஆனால் ஒரு கிழவர் நாள்பூரா உட்கார்ந்து அதன் ஒரே ஒரு பலகைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் பேசவே இல்லை. எனக்கு மஹல் தெரியாது, அவருக்கு மலையாளம் பேசப் பிடிக்கவில்லை.

அண்ணாச்சி, சரக்கு கிடைக்குமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கிடைக்காது. மதுவிலக்கு. பையில் கொண்டுபோனால் பையும் போகும், பயணமும் போகும்.

மாசி எப்படிச் செய்கிறார்கள்? நாங்கள் சைவம், எங்களுக்கு அங்கே சாப்பாடு கிடைக்குமா?
— முதல் கேள்வி நாகர்கோவில் வாசகியுடையது. இரண்டாவது கும்பகோணம் வாசகர் கேட்டது

கும்பகோணத்தாரே, சோறும் பருப்பும் கிடைக்கும்; தேங்காய் வேண்டுமட்டும் கிடைக்கும். காய்கறி கப்பலில் வருவது, கப்பல் தாமதமானால் அதுவும் தாமதம். ஊறுகாய், பொடி, அப்பளம் எடுத்துப் போங்கள். மீன் வாசனையைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்றால் மலிகு உங்களுக்கானது அல்ல. அந்தக் காற்றே மீன்தான். இத்தோடு நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

நாகர்கோவில் தங்கச்சிக்கு: மஹலில் 'மஸ்' என்றால் மீன். நம் மாசிக்குள் உட்கார்ந்திருப்பது அதுதான். பிடிக்கிற விதத்திலிருந்து சொன்னால்தான் ருசி விளங்கும். விடியுமுன் காயலில் வலை போட்டுக் குட்டி மீன்களை உயிரோடு பிடிப்பார்கள். படகின் அடியில் கடல்தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகிற மாதிரி ஓர் அறை; அதில் அந்தக் குட்டிகள் நீந்திக்கொண்டே வரும். வெளிக்கடலில் சூரைக்கூட்டம் தெரிந்ததும் குட்டிகளை அள்ளி வீசி, கூடவே தண்ணீரை மழை மாதிரி தெளிப்பார்கள். சூரைக்கு வெறி பிடித்துவிடும். படகின் பின்புறம் வரிசையாக நின்று, மூங்கில் கழியில் எதிர்முள் இல்லாத தூண்டிலைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும். எதிர்முள் இல்லாததால் மீன் பலகையில் விழுந்ததும் தானாகக் கழன்றுகொள்ளும். கழி திரும்ப வீசத் தயார். செரங்கின் மச்சான் நின்ற இடத்தில் நான் ஒரு கழியை வாங்கிப் பார்த்தேன். முதல் மீன் என் தோளில் வந்து விழுந்தது. இரண்டாவது மீனுக்கு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இந்த முறையில் ஆமை மாட்டாது, வேண்டாத மீன் மாட்டாது. வலைப்படகுக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சண்டை வாங்கியிருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் வேலை பெண்கள் கைக்குப் போகும். மீனைத் துண்டாக்கி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் போட்டுப் போட்டு எடுக்க, கடைசியில் கட்டைத் துண்டு போல் ஆகிவிடும். வருடக்கணக்கில் கெடாது. கப்பலுக்குப் போகிறவனுக்குக் கட்டிக்கொடுக்க இதைவிட நல்ல சாமான் இல்லை. வேகவைத்த அந்த நீரையும் கொட்டுவதில்லை. அதையே வற்ற வற்றக் காய்ச்சிக் கருஞ்சாந்து மாதிரி ஒரு குழம்பு எடுப்பார்கள், ரிஹாக்குரு. அதில் கொஞ்சம் சோற்றில் பிசைந்து, எலுமிச்சையும் பச்சைமிளகாயும் சேர்த்துச் சாப்பிட்டால்... போதும், எனக்கு டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.

குடிதண்ணீர் பிரச்சினை என்று எழுதினால் சுற்றுலாப் பயணி எதைக் குடிப்பது?
— வாசகர், இராமநாதபுரம்

இராமநாதபுரத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு எனக்குப் பிடித்த பதில் ஒன்று இருக்கிறது.

கப்பல் எஞ்சின் ரூமில் நன்னீர் தயாரிக்கிற ஒரு சாதனம் உண்டு. அதற்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவோம். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். அதனால் எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் வெந்நீரின் சூடே கடல்நீரை ஆவியாக்கப் போதும். ஆவியைக் குளிர்வித்தால் குடிதண்ணீர். 26 வருடம் நான் குடித்தது அதைத்தான்.

சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் எஞ்சின் சூடு இல்லாமலே இதைச் செய்துகாட்டினார்கள். கடலின் மேல்தண்ணீர் 28 டிகிரி இருக்கும். சுமார் 350 மீட்டர் ஆழத்தில் 12, 13 டிகிரிதான். மேல்தண்ணீரை அழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால் ஒரு பங்கு ஆவியாகும். ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த தண்ணீரால் அந்த ஆவியை மறுபடி நீராக்குவார்கள். இதற்கு ஆழ்கடல் கரைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பவளத்தீவுகளில் அது அமைந்திருக்கிறது. முதலில் 2005-இல் கவரத்தியில், பிறகு 2011-இல் மலிகுவில். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். இரண்டாவது பயணத்தில் என் சம்சாரம் கலங்கரை விளக்கம் பார்க்கப் போகலாம் என்றாள். நான் இந்த ஆலைக்கு வெளியே நின்று குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் ஒரு சிறு வாக்குவாதம். அப்புறம் கலங்கரை விளக்கத்துக்கும் போனோம். 1885-இல் பிரிட்டிஷ்காரர்கள் கட்டியது. மேலே போனால் தீவு முழுவதும், தெற்கே விரிங்கிலி என்ற ஆளில்லாத திட்டும் தெரியும். ஒரு காலத்தில் தொழுநோய் வந்தவர்களை அங்கேதான் கொண்டுபோய் விட்டார்களாம். இப்போது படத்தில் அழகாக இருக்கிறது.

நீங்கள் சொல்வது 1994 கதை. இப்போதும் தீவு அப்படியே கெடாமல் இருக்கிறதா?
— வாசகி, மதுரை

'கெடாத' என்பதை நாம் எப்போதும் மற்றவர் ஊருக்குத்தான் சொல்கிறோம். நம் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தால் முன்னேற்றம், அவர்கள் வீட்டுக்கு வந்தால் கெட்டுப்போச்சு.

மாறித்தான் இருக்கிறது. சந்துகளில் ஸ்கூட்டர் வந்துவிட்டது. ஓலைக்கூரை அநேகமாக இல்லை. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் போட்டுத் தீவுகளுக்கு வேகமான இணையம் கொடுத்தார்கள். மலிகுவும் அதில் ஒன்று. கப்பலில் இருக்கும் கணவனிடம் ஒரு பெண் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறாள் என்றால், அந்த ஊரைக் கெட்டுப்போச்சு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் என் சம்சாரமும் 45 நாளுக்கு ஒரு கடிதம் என்று காலம் தள்ளியவர்கள்.

நிஜமாகக் கெட்டது தண்ணீருக்கு அடியில். 1998, 2010, 2016 ஆகிய வருடங்களில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது. லட்சத்தீவு முழுவதும் அந்த அடி விழுந்தது. அலையைத் தடுப்பதும், தூண்டிலுக்கான குட்டி மீனை வளர்ப்பதும், தீவு நிற்கிற மணலைக் கொடுப்பதும் அந்தப் பவளம்தான். அதைச் சூடேற்றியதில் மலிகுக்காரர்களின் பங்கு கைப்பிடி அளவுகூட இருக்காது. கப்பல் எஞ்சின் ஓட்டிய எனக்குப் பங்கு உண்டு.

ஆகவே ஒரு துண்டுப் பவளத்தைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள், செத்துக் கரை ஒதுங்கியதானாலும். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சில வகைச் சங்கு, சோழிகளுக்கும் அதே சட்டம்தான். பொருள் வேண்டுமென்றால் மாசி வாங்கி வாருங்கள். பெட்டியில் துணிகளோடு வைக்காதீர்கள். நான் வைத்தேன்.

செரங்கு இப்போது எப்படி இருக்கிறார்? தொடர்பு உண்டா?
— அதே திருப்பூர் வாசகி, கடிதத்தின் பின்குறிப்பில்

உண்டு தங்கச்சி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பேசுவார். முன்பெல்லாம் பாதிப் பேச்சு காற்றோடு போகும். இப்போது அவர் மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. பேசுவது முழங்கால் வலி, சர்க்கரை, பேரன் கப்பலுக்குப் போகமாட்டேன் என்று கம்ப்யூட்டர் படிப்பது.

அவருக்கு எங்கள் ஊர் மக்ரூன் என்றால் உயிர். சர்க்கரை இருக்கிறதே என்றால், 'எனக்கில்லை, பிள்ளைகளுக்கு' என்பார். கொச்சியில் தெரிந்த ஒருவர் வழியாகத் தகர டப்பாவில் அடைத்து, வாய்க்கு மெழுகு ஒட்டி அனுப்புகிறேன். போன தடவை போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. கொஞ்சம் நமத்துப்போயிருந்ததாம். அதைச் சொல்லும்போதே ஏதோ மென்றுகொண்டிருந்தார்.